ஒச்சையாவின் கோல்

மொத்தம் பத்தொன்பது ஆட்டம்.
எண்ணித்தான் சொல்கிறேன். நான் கோல்கீப்பர்,
எண்ண எனக்கு நேரம் இருந்தது.
பந்து அந்தப் பக்கமே கிடக்கும் நாட்களில்
கம்பத்தில் சாய்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இடது ஓரம். சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே.
வார்டன் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்.
ஒரு நாள் போட்டான்,
கிணற்றுக் கல்லைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு என்று
என்னிடம் தள்ளிவிட்டான். எனக்கும் சேரவில்லை.
வெறுங்காலால் அவன் உதைத்த அன்று
தோல்பந்தின் வார்முடிச்சு
பெருவிரலில் அச்சாகப் பதிந்திருக்கும்.

கட்டைவிரலில் வேறு அச்சு.
ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும்
நாங்கள் விளக்கைத் தூண்டிவிட்டு அல்ஜீப்ராவைப் பிரிப்போம்.
அவன் துண்டை உதறித் தோளில் போட்டு
தல்லாகுளம் ஸ்டேஷனுக்கு நடப்பான்.
நோட்டில் பெயர், ஊர், ரேகை.
விடியும்வரை அங்கேதான் படுக்கை.
செக்கானூரணிக்கு மேற்கே பிறந்த குற்றம்,
இண்டர்மீடியட் படித்தும் தீரவில்லை.
காலையில் ப்ராக்டிஸுக்கு வரும்போது
விரலில் மை காய்ந்திருக்காது.
"காலைக் கேக்கலடா இன்னும்" என்பான்.

முதல் வருஷம் ஆறு ஆட்டம், எல்லாம் உள்ளூர்.
ரயில்வே டீமின் பேக் இவன் சட்டையைப் பிடித்தான்.
சட்டை அவன் கையில் இருந்தது,
பந்து கோலில் இருந்தது.
மறு வருஷம் பன்னிரண்டு.
வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும்:
எங்கே, எதற்கு, எப்போது திரும்புவது.
எதற்கு என்ற இடத்தில்
பந்து விளையாட என்று எழுத
ஏட்டுக்குக் கை வரவில்லை.
"அப்படி ஒரு காரணம் உண்டாய்யா?"
உறவில் சாவு என்று எழுதினார்.
அந்த வருஷம் ஒச்சையாவுக்கு
திண்டுக்கல்லில் ஒரு பெரியப்பன்,
பாளையங்கோட்டையில் இரண்டு அத்தைகள்
அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

திருச்சிக்கு, கடைசி ஆட்டத்துக்கு, சாக ஆள் இல்லை.
ஏட்டு மாறிவிட்டார். புது ஏட்டு
நாளைக்கு வா என்றார்,
நாளைக்கு வா என்றார்,
அந்த நாளைக்கு ஆட்டமே வந்துவிட்டது.
ஏறிவிட்டான். கொடைரோடு தாண்டும்வரை
பெஞ்சுக்கு அடியில் ஜமுக்காளத்துக்குள் கிடந்தான்,
மேலே நாங்கள் காலைத் தொங்கப்போட்டு
உரக்கப் பேசிக்கொண்டு வந்தோம்.

முடிய நாலு நிமிஷம்.
என் இடத்திலிருந்து தெரிந்தது புழுதி மட்டும்.
வலை கிடையாது அங்கே. பந்து கம்பங்களுக்கு நடுவே போய்
பின்னால் கடலை விற்றவள் கூடையைக் கவிழ்த்தது.
ஒன்றுக்கு சைபர்.

பேப்பரில் வந்தது, முதல் தடவையாக, இனிஷியலோடு:
பெ. ஒச்சையா.
சர்க்கார் தரப்புச் சாட்சியும் அந்தப் பேப்பர்தான்.

கோர்ட்டில் பத்துப் பேரும் பேசி வைத்துக்கொண்டோம்.
ஒச்சையா வரவே இல்லை, பேப்பர்காரன் பிழை என்றான் காப்டன்.
அப்படியானால் கோல் போட்டது யார்?
எழுந்தேன். "நான்தான்."
மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.
"நீர் எந்த இடத்தில் ஆடுகிறீர்?"
"கோல்கீப்பர்."
டவாலிகூடச் சிரித்தான்.
கூண்டுக்குள் அவன் மட்டும் சிரிக்கவில்லை.
என் கையில் நழுவிய பந்து எதற்கும்
ஒரு வார்த்தை திட்டாதவன்
அன்று எட்டினால் அறைந்திருப்பான்.
"எசமான், அது என் கோலுங்க.
எடது காலு.
இவனுக்கு மைதானத்துல அந்தப் பக்கமே தெரியாது."

மூன்று மாசம்.

கல்லூரி மலரில் ஆட்ட விவரம் அரைப்பக்கம்.
கோல் அடித்தவர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
படத்தில் பத்துப் பேர். கோப்பை என் மடியில்,
ஏன் என் மடியில் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

விடுதலையான அன்று ஹாஸ்டல் கேட்டில் நின்றான்.
உள்ளே வரவில்லை. பெயரை அடித்துவிட்டது
அவனுக்கே தெரிந்திருந்தது.
ட்ரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.
தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு,
பாதி திரும்பி, ஒன்றுதான் கேட்டான்:
"கடலைக்காரிக்குக் காசு குடுத்தீங்களாடா?"

கொடுக்கவில்லை.
பத்துப் பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.